வரிசையில் நின்ற குதூகலம்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை முன்னே வரிசையைப் பார்த்தேன். தலை கடை வாசலில், வால் இருபது மைல் தள்ளிக் கிள்ளானில்! இந்த யுத்த காலத்தில் என்ன விற்கிறார்கள் என்று கேட்டுவிட்டு நிற்பவன் ஏமாளி. நின்றுவிட்டேன்.

"இன்னைக்கும் மரவள்ளிக்கிழங்குன்னா நான் அடுப்பே பத்தவைக்க மாட்டேன்" என்று என் மனைவி சபதம் செய்திருந்தாள்.

முன்னால் நின்ற துணிக்கடை பாய், "அரிசிதாண்ணே, வாசம் வருது" என்றார்.

"இல்லலா, சீனி!" என்றார் பின்னால் ஓர் அக்கா. கல்யாண வீடு தோற்றது, அவ்வளவு சிரிப்பு.

"ஒரே குதூகலம்!" என்றேன் நான்.

பக்கத்தில் நின்ற, ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சரியாச் சொன்னீர். வடமொழியிலே அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் சந்தோசமில்லை. என்னவா இருக்கும் எண்டு அறியத் துடிக்கிற ஆவல். சந்தோசம் பிறகு வந்து ஒட்டினது."

"தெரிஞ்சுபோச்சுன்னா?" என்றார் பாய்.

"தெரிஞ்சா முடிஞ்சுது."

என் முறை வந்தது. கிழங்கு! நறுக்கிக் காயவைத்த கிழங்கு, கடைக்குள் இமயமலை உயரத்துக்கு.

துண்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலுக்கே ஓடி வந்தாள். "என்னங்க அது? அரிசியா?" பிள்ளைகள் மூட்டையைச் சுற்றி ஆடுகிறார்கள். அடுப்பும் பற்றவைத்தாகிவிட்டது.

நண்பர்களே, ஒரு கையால் இதை எழுதுகிறேன், மறு கையால் முடிச்சை அவிழ்க்கிறேன். அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறேன், அவிழ மாட்டேன் என்கிறது. இன்னும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம்? அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.