இரண்டு மொழியிலும் ஆறு

காக்ஸ் டவுன் கிளினிக்கில் எனக்கு ஈறு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா ஒல்லியானவர். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை சுற்றியிருப்பார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பியை விட்டு, பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் என்று தனக்குத்தானே கன்னடத்தில் சொல்லிக்கொள்வார். என்னிடம் பேசுவது தமிழில்.

முதல் தடவை, "ஐது, ஆறு, ஆறு" என்றார். மூன்றுக்கு மேல் போனாலே ஈறு நோயாம். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று, இரண்டு நாள் உட்கார்ந்து வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்தார்.

"சிகரெட்ட விட்டுடுங்க சார். புகை புடிச்சா ஈறு ஆறாது. நான் பண்ணதெல்லாம் வேஸ்ட் ஆயிடும்."

தலையாட்டினேன். மூன்று மாதம் கழித்து, ஏலக்காயை மென்றபடி போனேன்.

"நிறுத்திட்டீங்கல்ல?"

"அன்னைக்கே விட்டுட்டேன் டாக்டர்."

நம்பினார். கம்பியை விட்டு, "ஆறு" என்றார். அடுத்த பல்லுக்கும் "ஆறு". அது இரண்டு மொழியிலும் ஒரே சொல். புரியாத மாதிரி இருக்க முடியவில்லை. அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"சாரி சார். கை வலியில ஆழமா எடுக்காம விட்டுட்டேன் போல. என் தப்புதான். மறுபடி பண்ணிடறேன்."

பட்டையை இறுக்கிக்கொண்டு மறுபடி சுரண்டினார். வாய்க்குள் அவர் விரல் இருந்ததால்தான் உண்மையைச் சொல்லவில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆனால் வாய் கொப்பளிக்கச் சொல்லி அவர் நான்கு முறை நிறுத்தினார். நான்கு முறையும் துப்பிவிட்டுச் சாய்ந்துகொண்டேன்.