படப்பெட்டிக்காரர் கோட்டு

சினிமாக்காரர்கள் பொய் சொல்லிப் பிழைக்கிறவர்கள். திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும், யார் கேட்டது? ஆனால் பட்டப்பகலில், அமராவதிப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அமீர் ஹம்சாவைப் போன்ற ஒரு மனுஷரின் முகத்துக்கு நேரே சொல்லலாமா? அதைத்தான் செய்தார்கள்.

ஹம்சாவுக்குத் தாராபுரத்தில் படப்பெட்டி கொண்டுபோகிற வேலை. தொண்ணூற்று மூன்றில் சின்ன ஊர்த் தியேட்டர்களுக்கு ஆளுக்கொரு பிரிண்ட் கிடைக்காது. தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் சேர்த்து ஒன்றுதான். தாராபுரத்தில் முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்த ரீல்களைப் பெட்டியில் அடுக்கி, ராஜ்தூத் வண்டியின் பின்னால் கட்டி, மூலனூருக்குக் கொண்டுபோய் இறக்குவார். உடனே திரும்பி வந்து இரண்டாம் பாதிக்குக் காத்திருப்பார். மூலனூரில் இடைவேளை முடிவதற்குள் அது போய்ச் சேர வேண்டும். பிந்தினால் அங்கே நாற்காலி உடையும்.

போகும்போது ஒன்றுமில்லை, மேற்கேயிருந்து வரும் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போதுதான் பாடு. ஆனி, ஆடியில் அந்தக் காற்று மண்ணையும் வேலமரத்துச் சுள்ளியையும் வாரி நெஞ்சில் அடிக்கும். அதற்காக வாங்கியதுதான் அந்தத் தோல் கோட்டு.

கோயமுத்தூர் காந்திபுரத்தில், வெளிநாட்டுக்கு அனுப்பத் தைத்து ஏதோ குறையால் கழித்த துணிமணிகளைக் குவித்து விற்கும் நடைபாதைக் கடையில் கிடைத்தது. இடது கை ஒரு விரற்கடை நீளம், அதுதான் குறை. வாங்கின புதிதில் அதைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நின்றது. காலர் கழுத்தை அறுத்துப் புண்ணாக்கியது. கையை மடக்கினால் முழங்கையில் பலகை முட்டுகிற மாதிரி இருந்தது. "இதைப் போட்டுட்டுத் தொழுகவும் முடியாது, தூங்கவும் முடியாது, எதுக்குங்க இது?" என்று கேட்டாள் அவர் மனைவி சபுரா.

கேட்டவள்தான் அதற்கு எண்ணெய் போட்டதும். விளக்கெண்ணெயில் துளித் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்து, கோட்டை வெயிலில் கட்டிலின் மேல் விரித்து, சூடேறிய பிறகு பழைய பனியன் துணியால் தேய்ப்பாள். தோல் குடித்தது. முதல் வருசம் கேட்டுக் கேட்டுக் குடித்தது. வெல்லத்தின் நிறத்தில் இருந்தது மெல்லப் புளியின் நிறத்துக்கு வந்தது. முழங்கையில் விழுந்த மடிப்புகள் அந்த விரற்கடை நீளத்தை விழுங்கிவிட்டன. நாலாம் வருசம் இரண்டு கையும் சமம். பெட்டியின் விளிம்பு உரசிய இடுப்புப் பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. காலையில் எடுத்தால் விறைப்பாக இருக்கும். போட்டுக்கொண்டு பாலம் தாண்டுவதற்குள் உடம்புச் சூட்டில் இளகி, இருப்பதே தெரியாது. முள் கீறினால் வெளுப்பாக ஒரு கோடு விழும். சபுரா கட்டைவிரலால் நாலு தேய் தேய்ப்பாள். உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வந்து கோடு மறைந்துவிடும்.

அதற்காகக் கோட்டின் மேல் அவளுக்குப் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். தலையணை உறையெல்லாம் எண்ணெய்க் கறை. அலமாரியைத் திறந்தால் அந்த வாடை. "இந்தச் சக்களத்திக்குக் குளிப்பாட்டி விடறதே எனக்குப் பொழப்பாப் போச்சு" என்று திட்டிக்கொண்டேதான் தேய்ப்பாள். உள்துணி கிழிந்தபோது மகள் ரம்ஷாவின் பழைய பள்ளிக்கூடப் பாவாடையில் ஒரு துண்டு வெட்டிப் பச்சை நிறத்தில் ஒட்டுப் போட்டாள். பழுப்புத் துணியில் அந்தப் பச்சை பளிச்சென்று தெரியும். "உள்ள யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.

இப்படிப் பதினொரு வருசம்.

அந்தத் தொண்ணூற்று மூன்றில்தான் ஆற்றுப் பாலத்தில் ஷூட்டிங் போட்டார்கள். படத்தின் பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித்தர வேண்டாம். கதைப்படி கதாநாயகன் செத்துப்போன அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு பழி வாங்கக் கிளம்புகிறான். அதற்காக மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த கோட்டு புத்தம் புதிது. பளபளவென்று மின்னி, கையை அசைத்தால் கிறீச்சென்றது. மண்ணைப் பூசிப் பார்த்தார்கள், கல்லில் தேய்த்துப் பார்த்தார்கள். மண் பூசிய புதுக் கோட்டாகத்தான் இருந்தது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், மூலனூரிலிருந்து திரும்பிய ஹம்சா வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்தினார்.

"பாய், ஒரே ஒரு நாள். சாயங்காலம் உங்க கையில கொடுத்துடுறோம்" என்று ஓடி வந்தார் புரொடக்‌ஷன் மேனேஜர்.

ஹம்சா கழற்றிக் கொடுத்தார். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

சாயங்காலம் போனால் பழைய கோட்டு இல்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே அந்தப் புதுக் கோட்டை மண்ணைத் துடைத்து நீட்டினார்.

"எனக்குப் புதுசு வேண்டாங்க. என்ற கோட்டைக் குடுத்துப்போடுங்க."

"மிச்ச சீன் எல்லாம் மெட்ராஸ்ல இருக்கு பாய். படம் முடிஞ்சதும் பத்திரமா பார்சல்ல வரும். அதுவரைக்கும் இதைப் போடுங்க. பழசைக் குடுத்துப் புதுசு வாங்குறீங்க, உங்களுக்கென்ன கசக்குதா?"

வேன் கிளம்பிப் போய்விட்டது.

சரி, அவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு என்ன வந்தது? "பாய்க்கு அடிச்சுதப்பா யோகம்!" என்றார்கள் டீக்கடையில். முடி வெட்டுகிறவர், சைக்கிள் கடைக்காரர், தியேட்டர் மேனேஜர், ஒருத்தர் பாக்கியில்லை. பதினொரு வருசம் உடம்போடு கிடந்ததை வாங்கிக்கொண்டு கடையில் கிடந்ததைக் கொடுத்தால் அது யோகமாம். ஹம்சாவுக்கு வாயில் வார்த்தை வராது. கோபம் வந்தால் வண்டியை உதைத்துக் கிளப்புவதுதான் அவருக்குத் தெரிந்த பதில். அந்த மாதங்களில் ராஜ்தூத் நிறைய உதை வாங்கியது.

புதுக் கோட்டில் காற்று நுழையவில்லை; வேர்வையும் வெளியேறவில்லை. சபுரா எண்ணெய் போட்டுப் பார்த்தாள். மேலே பூசிய சாயத்தின் மீது எண்ணெய் முத்து முத்தாக நின்றது.

"குடிக்க மாட்டேங்குதுங்க. உசுரில்லாத தோலு" என்றாள். முள் கீறிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள், சாயம்தான் உரிந்தது. அதைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டு, விளக்கெண்ணெய்ப் பாட்டிலை மட்டும் கைக்கெட்டும் மாடத்தில் வைத்தாள். "அது வாரப்போ காஞ்சு கெடக்கும். ரெண்டு தரம் போடோணும்."

ஆறு மாதம் கழித்துப் படம் வந்தது, பார்சல் வரவில்லை. கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த பெட்டியை இறக்கியவரும் ஹம்சாதான். போஸ்டர் முழுக்க அவர் கோட்டு. நடிகருக்கு அது பொருந்தவே இல்லை; ஹம்சாவின் முழங்கைக்கு விழுந்த மடிப்பு அவருக்கு முன்கையில் நின்றது. அது யார் கண்ணுக்குத் தெரியும்? கோட்டைக் காட்டியதும் விசில் பறந்தது. "பாய், உங்க கோட்டுதாங்க ஹீரோ!" என்று ஊரே அவர் முதுகில் தட்டியது.

முதல் நாள் மேட்னிக்கு முதல் பாதியை மூலனூரில் இறக்கிவிட்டு வந்தபோது தாராபுரத்தில் கடைசி ரீல் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் கதிரின் கேபினில், ஓட்டை வழியாக ஹம்சா பார்த்தார். வில்லன் கதாநாயகனைக் கட்டிப்போட்டு, கோட்டைக் கழற்றி ஒரு கம்பில் மாட்டினான். பெட்ரோலை ஊற்றினான். கொளுத்தினான்.

இது வேறு கோட்டாக இருக்கும் என்றுதான் ஹம்சா நினைத்தார். நினைக்கத்தானே செய்வார்? அந்தப் படத்தில் உடைந்த வீடு அட்டை, ஓடிய ரத்தம் சாயம். கோட்டு மட்டும் நிஜமாக இருக்குமா? அப்போது தீயில் ஒரு பக்கம் சுருண்டு உள்துணி வெளியே திரும்பியது. பச்சை ஒட்டு. ரம்ஷாவின் பாவாடை. அது கண்ணெதிரே கருகி விழுந்தது. அப்பாவின் கோட்டு எரிவதைப் பார்த்த கதாநாயகன் கட்டை அறுத்துக்கொண்டு எழுந்தான், கொட்டகை அதிர்ந்தது.

எரிக்க வேண்டும் என்றால் அவர்கள் கொண்டுவந்த புதுசை எரித்திருக்கக் கூடாதா? நெருப்புக்குள் போன பிறகு பழசென்ன புதுசென்ன? போடுவதற்குப் பழசு வேண்டும், கொளுத்தவும் பழசேதான் வேண்டுமா? இதைத்தான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்தக் கம்பெனிக்காரர்களிடம் கேட்க நினைத்தார். வாயைத் திறந்து, தாராபுரம் படப்பெட்டிக்காரன் என்றும் கோட்டு விஷயம் என்றும் சொன்னார்.

"எந்தக் கோட்டு?" என்றது மறுமுனை.

ஹம்சா போனை வைத்துவிட்டார். திருடன்கூட எடுத்தது எது என்று ஞாபகம் வைத்திருப்பான்.

சபுராவிடம் சொல்லவில்லை. மாடத்தில் அந்தப் பாட்டில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? ஆனால் ஊரே பார்க்கிற படத்தை அவள் மட்டும் பார்க்காமல் இருப்பாளா? பத்தாம் நாள் சனிக்கிழமை, அவருடைய தங்கை உம்மல் குல்சும் வந்து, "மேட்னிக்குப் போலாம் வாங்க மச்சி, உங்க சக்களத்தி நடிச்சிருக்கறாளாமா" என்று கூப்பிட்டாள். சபுரா அடக்க முடியாத சிரிப்போடு புடவை மாற்றப் போனாள்.

ஹம்சா தியேட்டருக்கு ஓடினார்.

"கதிரு, அந்த நெருப்பு வாரதை மட்டும் எடுத்துப்போடு சாமி. அவ பாத்தா தாங்க மாட்டா."

"இதுக்கா பாய் இப்பிடி ஓடி வந்தீங்க? நேரமாச்சுன்னா முழுப் பாட்டையே வெட்டறோம்" என்றார் கதிர். கடைசி ரீலை எடுத்து, வில்லன் கோட்டில் கை வைக்கும் இடத்தில் ஒரு வெட்டு, கதாநாயகன் கட்டை அறுக்கும் இடத்தில் ஒரு வெட்டு. இரண்டு முனையையும் பசை தொட்டு ஒட்டினார். நடுவிலிருந்த துண்டைச் சுருட்டிக் கொடுத்தார். ஹம்சா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதல் பாதியை மூலனூரில் இறக்கிவிட்டு, எதிர்க்காற்றில் வண்டியை விரட்டிக்கொண்டு கடைசி ரீலுக்கு வந்து சேர்ந்தார். திரையைப் பார்க்கவில்லை, கேபின் ஓட்டை வழியாகக் கொட்டகையைத்தான் பார்த்தார். வில்லன் கோட்டில் கை வைத்தான். அடுத்த நொடி கதாநாயகன் வெறும் பனியனோடு எழுந்து நின்றான். கோட்டைக் காணோம்.

இப்போது கத்துவார்கள் என்று ஹம்சா பயந்தார். இந்த ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? பாட்டில் அரைச் சரணம் குறைந்தால் ஆபரேட்டரின் பரம்பரையையே இழுப்பவர்கள்.

ஒருத்தரும் கத்தவில்லை. விசில் அடித்தார்கள், துண்டைச் சுழற்றினார்கள். பத்து நாளாக முதுகில் தட்டிய அதே கைகள்தான் தட்டின. கோட்டுதான் ஹீரோ என்று சொன்ன ஊர், ஹீரோ காணாமல் போனதையே கவனிக்கவில்லை. ஹம்சாவுக்கு வயிறு எரிந்தது. கொளுத்தியபோதுகூட இப்படி எரியவில்லை. கத்தியிருந்தால் கதிரின் பாடு திண்டாட்டம் என்பதெல்லாம் மறந்து, கத்துங்களேண்டா என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, அந்தக் கோட்டு எங்கீங்க?"

சபுரா எழுந்து நின்றிருந்தாள்.

"உக்காருங்கம்மா, மறைக்குது!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"மறைச்சா மறைக்குது. இத்தன வருசம் எண்ணெ போட்டவ கேக்கறேன். இப்பத்தான் போட்டிருந்தான், அதுக்குள்ள எங்க போச்சு? சொல்லுங்க!"

கொட்டகை சிரித்தது. உம்மல் குல்சும் கையைப் பிடித்து இழுத்தும் அவள் உட்காரவில்லை. கேபின் ஓட்டையையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் வணக்கம் போட்டு விளக்கு எரியும்வரை நின்றாள்.

ரீல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹம்சா இறங்கி வந்தபோது வண்டிப் பக்கத்தில் இருந்தாள். அவர் பெட்டியைக் கட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்த சுருளை எடுத்து நீட்டினார். அவள் அதைப் பிரித்துச் சாயங்கால வெயிலுக்கு நேரே பிடித்தாள். நகத்தளவுச் சதுரங்களில் கோட்டு தொங்கியது, பற்றியது, சுருண்டது. பச்சை ஒட்டு கருகும் இடத்தில் அவள் கை நின்றது.

மூலனூரில் இடைவேளை மணி அடித்திருப்பார்கள். ஹம்சா வண்டியை உதைக்காமல் நின்றார்.

சபுரா கட்டைவிரலை அந்தச் சதுரத்தின் மேல் வைத்து நாலு தேய் தேய்த்தாள். மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"போக மாட்டேங்குதுங்க" என்றாள்.