இரண்டாம் குரலுக்கு ஒரு காது

ஜெபினின் வாய்க்குப் பக்கத்தில் இடது காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஜோசலின் மிஸ் அசையாமல் நிற்கிறார். சுற்றிலும் பிள்ளைகள் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குவார்களே, அப்படி வரிசைக்குள் புகுந்து ஒவ்வொரு வாயாகக் குனிந்து கேட்டுக்கொண்டு போவார். சிலருக்கு ஒரு "ம்" கிடைக்கும். ஜெபினுக்கு, "டேய், வர்ற வழியில குச்சி ஐஸ் சாப்ட்டியா? தொண்டைக்குள்ள பனி பெய்யுது." திட்டிய கையோடு கைப்பையிலிருந்து ஒரு துண்டு பனங்கற்கண்டும் வரும்.

அந்தக் காது அப்பா வழி. அப்பா எட்மண்ட் ரயில் பெட்டிகளின் சக்கரத்தைச் சுத்தியால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொன்னவர். கோபம் அம்மா வழி. பெரியம்மா ஞானாம்பாள், கல்யாண வீட்டில் தன் ஏழை நாத்தனாரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினார்கள் என்று, சாப்பிடாமலே இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தவள். சாகிறவரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இரண்டும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் தாங்குமா?

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பின்னால் பஸ் ஹாரன் அலறினால் ஷேர் ஆட்டோவில் இருப்பவர்கள் எல்லாம் பஸ் டிரைவரைத் திட்டுவார்கள். மிஸ் ஹாரனைத் திட்டுவார். "சுருதியே சேரல. காலங்காத்தால காதுல மண்ணை அள்ளிப் போடறான்." மைக் என்றால் அதைவிட ஆகாது. "அது பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் ஜால்ரா போடும்" என்பார்.

வம்பு வந்ததும் அந்த மைக்கால்தான்.

ஆண்டு விழாவில் பாடகர் குழுவின் சிறந்த பிள்ளைக்கு ஒரு ஷீல்டு உண்டு. யாருக்கு என்பதை வருஷா வருஷம் மிஸ்தான் சொல்வார். போன வருஷம் விழாவுக்கு முன்னாலேயே, இந்த முறை பத்தாம் வகுப்பு ரேஷ்மாவுக்கு என்று முடிவு செய்திருந்தார். மேல் குரல்காரர்கள் மெட்டைப் பாடுவார்கள். கைதட்டல் அவர்களுக்குப் போகும். ரேஷ்மா இரண்டாம் குரல். மெட்டுக்குக் கீழே ஒட்டியே நடந்து, மற்றவர்கள் சுருதி இறங்கிவிடாமல் தாங்குகிற குரல். கட்டடத்துக்குக் கடைக்கால் போல. அதை யார் நின்று பார்க்கிறார்கள்?

பெற்ற தாய்க்கே அது கேட்கவில்லை. அம்மா பேபி, கேளம்பாக்கம் அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்கிறவள். ஒருநாள் பாட்டு வகுப்புக்கே வந்து நின்றாள்.

"இன்னா மிஸ்ஸு, எல்லாப் புள்ளையும் பாடுது. எம்பொண்ணுக்கு வாயி மட்டும் ஆடுது, மீனு மாதிரி. கொரலு எங்க கீது? ஒரு கப்பு இல்ல, ஒரு சீல்டு இல்ல. அடுத்த வருசம் இந்தப் பேஜாரே வோணாம். நிறுத்திக்கிறேன்."

"பொறுங்கக்கா. இந்த வருஷம் ஷீல்டு அவளுக்குத்தான்."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு, ஷீல்டு ஹர்ஷாவுக்கு என்றார்.

"கிறிஸ்மஸ் வீடியோ பார்த்தேன் மிஸ். ஹர்ஷா வாய்ஸ் மட்டும்தான் கணீர்னு இருக்கு. ரேஷ்மாவா? அப்படி ஒரு குரலே கேக்கலையே."

"மைக் அவன் முன்னாடி இருந்துச்சு சார்!"

பையனைக் குற்றம் சொல்லக்கூடாது. நல்ல பிள்ளை, நல்ல குரல். ஆனால் அவன் யார்? கரஸ்பாண்டன்ட் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறாரே, அவருடைய மகள் வயிற்றுப் பேரன். சொந்தம் என்று வந்துவிட்டால் காது எதற்கு?

மிஸ் விடவில்லை. மனிதரைக் கையோடு பாட்டு அறைக்கே அழைத்து வந்தார். ஒரு முறை எல்லோரும் பாடினார்கள். "இப்ப ரேஷ்மா மட்டும் கம்முனு இரு" என்று சொல்லி மறுபடி பாட வைத்தார். மூன்றாம் வரியிலேயே பாட்டு, மழையில் ஊறிய மண்சுவராய் உட்கார்ந்தது. பிள்ளைகளே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஹர்ஷா தலையைக் குனிந்துகொண்டான். கரஸ்பாண்டன்ட் செல்போனிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு மிஸ்."

"கண்ணாடி மாட்டறதுக்கு மட்டுமா சார் கடவுள் காது குடுத்தாரு?"

"வார்த்தையை அளந்து பேசுங்க."

அளந்தாலும் அளக்காவிட்டாலும் முடிவு மாறவில்லை. விழாவன்று ஷீல்டை ஹர்ஷா வாங்கினான். கடைசிப் பாட்டுக்குப் பிள்ளைகள் மேடையில் வரிசை கட்டினார்கள். மைக் ஹர்ஷா முன்னால் நின்றது. மிஸ் கையை உயர்த்தினார், பாட்டு எழுந்தது. ஒரு சரணம் முடிந்து மிஸ் சற்றே திரும்பியபோது, கடைசி வரிசையில் பேபி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தாள்.

மிஸ் பாதிப் பாட்டில் கையை இறக்கினார். மேடைப் படியில் இறங்கி நடுப்பாதையில் விறுவிறுவென்று நடந்தார்.

"மிஸ்! மிஸ்! எங்க போறீங்க?" முன்வரிசையிலிருந்து கரஸ்பாண்டன்ட் பல்லைக் கடித்தார். விருந்தாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நடத்த ஆளில்லாமலும் மேடையில் பாட்டு ஒரு இழை இறங்கவில்லை.

மிஸ் பேபியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடு மிஸ்ஸு, அல்லாரும் பாக்கறாங்கோ."

"பாக்கட்டும். வாங்கக்கா."

இழுத்துக்கொண்டு மேடையேறினார். இரண்டு பிள்ளைகளை விலக்கி, இரண்டாம் வரிசையில் ரேஷ்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பேபியின் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திச் சாய்த்து, அவள் இடது காதை மகளின் வாயருகே வைத்தார். பாட்டு முடிகிற வரையில் அந்தக் கையை எடுக்கவில்லை.