பெட்டி வழியே வந்த குரல்

அண்ணன் சவூதியில் வேலை பார்த்தான். தொண்ணூறுகளின் கடைசியில், இன்டர்நெட் வழியாகப் பேசினால் செலவு குறையும் என்று, போனில் மாட்டும் சிறு பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினான். காரைக்குடி வீட்டில் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதை இணைத்து, ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன். குரல் தகரத்தில் உரசுவதுபோல் விட்டுவிட்டு வந்தது.

அம்மா ரிசீவரைத் திருப்பி நீட்டினாள். "இது அவன் இல்ல. அவனுக்கு என்னமோ ஆயிருச்சு. எல்லாரும் சேந்து மறைக்கிறீக."

பெட்டியைக் கழற்றிவிட்டுச் சாதாரண போனில் அவனைக் கூப்பிட வைத்தேன். "வேற யாரையோ பேசச் சொல்லியிருக்கீக" என்று அவள் போனைத் தொடவே இல்லை. மறு ஞாயிறு சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் போய், உயிரோடிருந்த மகனுக்கு இறந்தோர் பூசை கேட்டாள்.

அண்ணனுக்கு லீவு கிடைப்பதற்குள் அம்மா போய்விட்டாள். கடைசிவரை அவளை நம்பவைக்க என்னால் முடியவில்லை.