தோட்டா மேசையில் பாதி இடம்

வெர்லீன் தன் கல்யாணத்தன்றே தேவாலயத்தில் சிரித்துவிட்டாள். உறுதிமொழி சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. பாதிரியார் காத்துப் பார்த்தார், தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், கடைசியில் அவரும் சிரித்தார். மாப்பிள்ளை ஆர்லன் ட்வெய்ட் மட்டும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றான்.

அவள் சந்தோஷத்தில் சிரிக்கிறவள் என்று நினைத்தால் தப்பு. பயம் வந்தால்தான் அவளுக்குச் சிரிப்பு வரும். மொன்டானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குப் பயப்படக் காரணங்கள் குறைவில்லை. ஒரு ஜனவரிக் காலையில் பேருந்து பனிக்கட்டியில் வழுக்கிப் பள்ளத்தில் போய்ச் சாய்ந்தபோது அவள் சிரித்த சிரிப்பில், இது ஏதோ விளையாட்டு என்று பிள்ளைகளும் கத்திச் சிரித்தார்கள். ஒருத்தரும் அழவில்லை. ஊரில் அதைத் தைரியம் என்றார்கள். அது தைரியம் இல்லை. ஆனால் தைரியம் செய்கிற வேலையைச் செய்தது.

ஆர்லன் குழாய் வேலை பார்ப்பவன். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் அவனுடைய தோட்டா மேசை இருந்தது. குளிர்காலத்திலும் கதகதப்பாக இருக்கிற ஒரே அறை அதுதான். சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைக் கழுவி, வெடிமருந்தை அளந்து போட்டு, ஈயக்குண்டைச் செருகி, ரிவால்வருக்கு வேண்டிய தோட்டாக்களை இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே தயாரிப்பான். சனிக்கிழமைகளில் இருவரும் கிளப் மைதானத்துக்குப் போய்ச் சுடுவார்கள். ஆனால் தோட்டா மேசைக்கு வெர்லீன் வரக் கூடாது என்பது சட்டம்.

"மருந்து அளக்கிற எடத்துல சிரிக்கிற ஆளுக்கு வேலை இல்ல. ஒண்ணுல ரெண்டு பங்கு மருந்து விழுந்தா துப்பாக்கி கையிலயே வெடிக்கும்" என்பான்.

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அந்த மார்ச் மாதம் அவள் ஒரே பிடியாக நின்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை மேசைய எனக்குக் குடு. உன் அளவுலயே நான் செய்யிறேன். வேகம் பாக்கற பெட்டியில ரெண்டு பேர் தோட்டாவும் சோதிப்போம். என்னோடது உன்னோடது மாதிரி ஒரே சீரா வந்தா மேசையில பாதி எனக்கு."

"வரலேன்னா?"

"அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. உடனே சிரிப்பு வந்தது.

அந்த ஞாயிறன்று ஆர்லன் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சிரிப்பு முட்டும்போதெல்லாம் அவள் மருந்து டப்பாவை மூடிவைத்துவிட்டு, பின்கதவு வழியே போய்ப் பனியில் நின்று சிரித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டு நாய் அன்று முழுவதும் குரைத்தது.

அடுத்த சனிக்கிழமை கிளப் மைதானத்தில் நடந்த சோதனைக்கு நடுவர், கிளப்புக்காரன் க்ளைட் ரஸ்முசென். வேகம் பார்க்கும் பெட்டி அவனுடையது. முக்காலியில் அதை நிறுத்தி அதன் மேலாகச் சுட்டால், குண்டு நொடிக்கு எத்தனை அடி போகிறது என்று எண்ணாகக் காட்டும். ஆயுள் முழுக்கச் சுட்டுச் சுட்டு க்ளைட்டுக்குக் காது பாதி போய்விட்டது. பேச்சு கேட்காததால் அவன் எதையும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்வான்.

"ரெண்டு பேர் தோட்டாவையும் நானே சுடறேன். அவ சுட்டா சிரிப்புல கை ஆடும், அப்புறம் தோட்டா குத்தமா, ஆள் குத்தமான்னு தெரியாது" என்றான் ஆர்லன்.

"நல்ல ஏற்பாடு. பெட்டியச் சுட்டுடாதடா. போன வருஷம் ஒருத்தன் சுட்டான், இன்னும் என் முகத்தப் பாக்க மாட்டேங்கறான்" என்றான் க்ளைட்.

ஆர்லன் மைதானத்துச் சுடும் மேசை முன் உட்கார்ந்து, மணல்மூட்டையில் மணிக்கட்டை வைத்து, முதலில் தன் தோட்டாக்களைச் சுட்டான். கணவனுடைய முறை என்பதால் வெர்லீன் கழுத்துத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு மரியாதையாக நின்றாள். க்ளைட் எண்களைக் கத்தினான். எழுநூற்று அறுபதுக்குப் பக்கத்திலேயே எல்லாம் நின்றன. தூரத்து அட்டையில் ஓட்டைகள் ஒரே கொத்தாக விழுந்தன.

"எல்லா ஓட்டையையும் ஒரு காப்பிக் கப் மூடியால மூடிரலாம்" என்றான் ஆர்லன், யாரும் கேட்காமலே.

அடுத்து அவளுடைய தோட்டாக்கள். ஆர்லன் துப்பாக்கியைத் தூக்கியதும் வெர்லீனுக்குச் சிரிப்பு கிளம்பியது. அவன் போட்டிருந்தது, வெடிச்சத்தத்தை அடைத்துப் பேச்சை மட்டும் உள்ளே விடுகிற காதுமூடி. அவள் சிரிப்பு அதில் தெளிவாகக் கேட்டது. விரலை விசையிலிருந்து எடுத்து, முழங்கையை மடக்கி, துப்பாக்கிக் குழாயை அட்டைக்குப் பின்னிருந்த மண்மேட்டுக்கு மேலாக நிமிர்த்திவைத்து, வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே" என்று பெருமூச்சு விட்டான். பிறகு இறக்கிச் சுட்டான்.

"எண்ணூத்தி நாப்பது!" என்றான் க்ளைட்.

அடுத்ததற்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்: எழுநூற்று அறுபத்தைந்து. மறுபடி சிரிப்பு, மறுபடி பெருமூச்சு: எண்ணூற்று நாற்பத்தைந்து. அவளுடைய அட்டையில் ஓட்டைகள் இரண்டு குடும்பமாகப் பிரிந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் குடியேறின.

"பாத்தியா கண்ணு?" ஆர்லனின் குரலில் வெற்றியைவிட வருத்தம்தான் அதிகம். அதுதான் அவளை அதிகம் சுட்டது. "மருந்து ஒண்ணுல கூட, ஒண்ணுல கம்மி."

வெர்லீன் எண்களை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். "ஆர்லன், நான் சிரிச்சப்பெல்லாம் வேகம் கூடுது."

"என்ன உளர்ற?"

"சிரிச்சா கூடுது. சும்மா இருந்தா கொறையுது."

க்ளைட்டுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் ஆர்லனை ஒருமுறை உற்றுப் பார்த்தான். "உன் தோட்டாவ ஒண்ணு போடு. வெர்லீன், நீ சிரி."

வாழ்க்கையில் முதல்முறையாக வெர்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹஹ்ஹா என்று சொல்லிப் பார்த்தாள், இருமல்போல இருந்தது.

"கல்யாணத்தன்னைக்கு வந்துச்சு, இப்ப வரமாட்டேங்குதா?" என்றான் ஆர்லன்.

வந்துவிட்டது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆர்லன் குழாயை நிமிர்த்தி, ஆண்டவரைக் கூப்பிட்டு, இறக்கிச் சுட்டான்.

"எண்ணூத்தி முப்பத்தெட்டு! உன் சொந்தத் தோட்டாடா!" க்ளைட் முக்காலியைச் சுற்றி ஒரு சுற்று ஆடினான். "நீ அண்ணாந்து பாக்கறப்போ துப்பாக்கியும் அண்ணாந்து பாக்குதுடா, முட்டாளே!"

விஷயம் ஆர்லனுக்குத் தெரியாததல்ல. இந்தத் தோட்டாவில் மருந்து பாதி இடத்தைத்தான் நிரப்பும். குழாயை நிமிர்த்தினால் மருந்து பின்னால் சரிந்து, தீப்பொறி கிளம்பும் அடிப்பக்கத்தில் சேரும், குண்டு வேகமாகப் போகும். தாழ்த்தினால் முன்னால் ஓடும், வேகம் குறையும். கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பவனே அவன்தான். அளக்கிறவன் தன் கையையும் அளவில் சேர்த்துக்கொள்வது எளிதல்ல. எல்லோருடைய கையையும் கவனித்தவன் தன்னுடையதை விட்டுவிட்டான்.

"அப்ப மறுபடி மொதல்ல இருந்து. புது அட்டை, அவளோட பத்து. ஒவ்வொண்ணுக்கும் குழாயத் தாழ்த்தி வச்சு அப்புறம்தான் தூக்கிச் சுடுவேன். நீ சிரிக்கக் கூடாது. நான் மேல பாத்துருவேன், எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல" என்றான் ஆர்லன்.

வெர்லீன் துண்டைக் கடித்தாள். மேசையின் பாதி இப்போது அவள் பற்களுக்கு நடுவில் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் தோள்கள் குலுங்கின, கண்ணீர் வழிந்தது, சத்தம் வரவில்லை. எழுநூற்று அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு. அறுபது. க்ளைட்டின் குரல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறிக்கொண்டே போனது. பேருந்து சாய்ந்த காலையில்கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை.

எட்டாவது சுட்டதும் ஆர்லன் துப்பாக்கியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். முதுகு குலுங்கியது. நெஞ்சு வலியோ என்று அவள் ஓடினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமில்லாமல், பழக்கமில்லாதவன் சிரிக்கிற மாதிரி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு.

"வருஷாவருஷம் மருந்து கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேனே வெர்லீன்! உங்க மருந்து சீரா இல்லேன்னு!"

அவள் துண்டைத் துப்பினாள். அதன்பின் யாரையும் நிறுத்த முடியவில்லை. எதற்கென்று முழுக்கக் கேட்காமலே க்ளைட்டும் சேர்ந்துகொண்டான்.

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு" என்றான் ஆர்லன், கண்ணைத் துடைத்தபடி. விதி விதிதான் அவனுக்கு.

மூச்சு அடங்கியதும் சுட்டான். ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று. இருவருடைய அட்டைகளையும் க்ளைட் எடுத்து வந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். அவளுடைய கொத்து அவனுடையதைவிட ஒரு மயிரளவு சின்னதாக இருந்தது. ஆர்லன் நெடுநேரம் பார்த்தான்.

"பரவாயில்ல" என்றான். அவன் அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது.

வண்டியில் மான் இறைச்சி சாண்ட்விச்சைப் பிரித்தபடி அவன் சொன்னான்: "மேசையில ஜன்னல் பக்கம் என்னோடது."

"ஜன்னல் பக்கம்தான் எனக்கு வேணும்."

"ஏன்?"

"சிரிப்பு வந்தா தலைய வெளிய நீட்டணும். பின்கதவு வரைக்கும் ஓட முடியல."

சாண்ட்விச்சை அவள் மடியில் வைத்துவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான். வீட்டுக்குப் போனதும் தோட்டா மேசையில் தன் அளவுத் தராசை எடுத்துச் சுவர்ப் பக்கமாக நகர்த்தி வைத்தான்.