பஷீர் பாயின் ஏரி நிலவரம்

போன் மணி அடித்ததும் பஷீர் பாய் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். ஒயர் வாசல்படிவரைதான் நீளும். அதனால் ஒரு கால் கடைக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்று, கண்ணைச் சுருக்கி ஏரியைப் பார்க்கிறார். பார்த்து முடிக்கும்வரை மறுமுனையில் இருப்பவர் காத்திருக்க வேண்டும்.

“தண்ணி டீ கலர்ல கீது. பால் ஊத்துன டீ இல்ல, வெறும் டிகாஷன். காத்து எண்ணூர் பக்கத்துலேர்ந்து வருது. ஜிலேபி மீனு கடிச்சிக்கினு கீது. வெரால் ஒண்ணும் காணோம். வர்றதுன்னா வா.”

ரிசீவரை வைத்துவிட்டு, பாதியில் விட்ட டீயை ஆற்றப் போகிறார்.

மணலி புதுநகரின் கடைசித் தெரு முடிந்து ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அவர் கடை. ஒரு பக்கம் பாய்லர், மறுபக்கம் மஞ்சள் பலகை மாட்டிய டெலிபோன் பூத். கொசஸ்தலை ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வந்து இந்த ஏரியில் சேர்கிறது. ஆற்றில் இன்று எது வருகிறதோ அது நாளைக்கு ஏரியில் வரும். மழைக்காலத்தில் செம்மண் வரும். கோடையில் முகத்துவாரத்திலிருந்து உப்புத் தண்ணீர் ஏறி வரும். மற்ற நாட்களில் வானவில் நிறத்தில் ஏதாவது மிதந்து வரும். அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. பாயிடம் இவற்றுக்கெல்லாம் ஒரே சொல்தான். உப்பு ஏறினால் “கலீஜ்”. எண்ணெய் மிதந்தால் “ரொம்ப கலீஜ்”.

சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஓய்வே இருக்காது. ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் காலடிப்பேட்டையிலிருந்தும் தூண்டில்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பஸ் மாறி வருகிற ஆட்கள். வந்த பிறகு மீன் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வீணாகிவிடும். வியாசர்பாடி ரேஷன் கடையில் பில் போடுகிற ரமாபாய், சொந்தமாக மடக்கு ஸ்டூல் எடுத்து வருபவர், காற்றைப் பற்றி மட்டும்தான் கேட்பார். காற்றடித்தால் தூண்டில் நரம்பு சிக்கிக்கொள்ளும். சிக்கெடுப்பதற்கு வீட்டிலேயே நிறைய இருக்கிறது என்பது அவர் கட்சி.

இத்தனைக்கும் பஷீர் பாய் தூண்டிலைக் கையில் தொட்டதில்லை. தினமும் அங்கே டீ குடிப்பவன் என்ற உரிமையில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

“புழுவ உயிரோட ஊசில கோக்கணும் சார். அத்த நம்மளால ஆவாது.”

ஏரி மீனை அவர் சாப்பிடுவதும் இல்லை. மண் வாடை அடிக்குமாம். வீட்டுக்குக் காசிமேட்டிலிருந்து கடல் மீன்தான் வருகிறது. ஏரியைப் பற்றி அவர் சொல்வது எல்லாம் எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது மாதிரி. பல வருஷப் பழக்கம், ஆனால் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

ஏரி மோசமாக இருந்தால் மோசம் என்றே சொல்லிவிடுவார். யாரும் வரமாட்டார்கள். கடையில் ஈ ஓட்டுவார். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் வியாபாரம் நடக்குமே என்றால், “வந்து பாத்துட்டு என்னியதான் திட்டுவான். திட்டிக்கினே டீ குடிப்பான். பேஜாரு” என்கிறார். வந்தவர்களில் எதுவும் சிக்காதவனுக்குத்தான் முதல் டீ. “புடிச்சவன் பேசிக்கினே இருப்பான், டீ ஆறிப்பூடும். புடிக்காதவன் சூடா குடிப்பான்.”

தூண்டில்காரர்கள் பேச்சில் மீன் வளரும். தண்டையார்பேட்டை லேத் பட்டறை சுப்புராஜுக்குக் கிடைத்த கெண்டை, கிளாஸ் நிறைந்திருக்கும்போது உள்ளங்கை அளவு இருக்கும், கிளாஸ் காலியாகும்போது முழங்கையைத் தொட்டுவிடும். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவில், மீனும் பிடிக்காமல் அளவும் கூட்டாமல் இருக்கிற ஒரே ஆள் என்பதால் பாய் சொன்னால் அப்பீல் கிடையாது.

சமீபகாலமாகத்தான் ஒன்றிரண்டு பேர் “நெஜமாவா பாய்?” என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் போன ஐப்பசி மழையும் அம்புரோசும்.

அம்புரோஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ராயபுரம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். போனில் பேசினாலும் கிரேன் மேலிருந்து கீழே இருப்பவனைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார். கால்வாய் ஏரியில் விழுகிற இடத்தில், கரை ஓரமாக, கருவேல மரத்தடியில் ஒரு பலகைக்கல் உண்டு. அது அவர் இடம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டார். நீச்சல் தெரியாது. மேலே உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு நீச்சல் எதுக்கு என்பார்.

அதற்கு முந்தைய வருஷ மழையிலேயே அந்த இடத்துக் கரை ஊறிப்போய்விட்டது. பாய் எல்லோருக்கும் சொன்னார்: “கரை நைஞ்சி கீது, யாரும் வராதீங்க.” சுப்புராஜ் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார். கரை நைகிறதென்றால் தண்ணீர் அவ்வளவு வருகிறது, தண்ணீர் வந்தால் மீன் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடையோடு வந்து இறங்கினார்கள். சுப்புராஜ் இடுப்பளவு சேற்றில் புதைந்து, அம்புரோசின் கையைப் பிடித்து மேலே வந்தார். செருப்பு வரவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி வருஷம் முழுக்கச் சிரித்தார்கள். பாய் சிரித்து நான் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு நிரம்பி, கால்வாய் வழியாக ஏரிக்குள் தண்ணீர் திமுதிமுவென்று வந்தது. அந்தச் சனிக்கிழமை நான் கடையில் ஒதுங்கியிருந்தேன். கால்வாய் வாயில் கட்லா மீன்கள் முதுகைக் காட்டிப் புரண்டன. புதுநகர் ஜனங்கள் மேட்டுப் பக்கமாக நின்று கொசுவலையிலும் பழைய புடவையிலும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மீன்வரத்தை இந்த ஏரியில் நான் பார்த்ததில்லை.

பாய் மீனைப் பார்க்கவில்லை. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அடிக்கடி கருவேல மரம்வரை போனார். கரையில் குதிகாலை அழுத்தினார். காலை எடுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனார்.

போன் அடித்தது. வழக்கம்போல வாசலுக்கு வந்தார். அம்புரோசின் குரல் எனக்கே கேட்டது.

“இன்னா பாய், டேம தொறந்துட்டானாமே? மீனு ஏறுதா?”

பாய் தண்ணீரைப் பார்த்தார். எப்போதும் பார்ப்பதைவிட நேரமெடுத்துப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்லா துள்ளி விழுந்தது.

“இல்ல அண்ணாத்தே” என்றார். “ஒண்ணும் இல்ல. தண்ணி பூரா ரொம்ப கலீஜ். இருந்த மீனும் செத்து மெதக்குது.”

“கட்லா கூடவா இல்ல?”

“கட்லாவும் இல்ல, கிட்லாவும் இல்ல. வூட்ல போத்திக்கினு படு.”

அடுத்து சுப்புராஜ் கூப்பிட்டார். அதற்கடுத்து ரமாபாய். ஒவ்வொருவரிடமும் பொய் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஆளிடம் வெறும் “இல்ல” மட்டும்தான். பிறகு, மணி அடிக்காதபடி ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். பாய்லர் பக்கத்தில் பால் பொங்கி வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சார், நீங்க பாத்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

மறுநாள் காலை, தூண்டில்காரர்கள் வந்திருந்தால் உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடித்திருக்கும் வேளையில், கால்வாய் வாயில் கரை போனது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. நனைந்த மண்சுவர் உட்காருவது போல உட்கார்ந்தது. கருவேல மரம் விழாமல், நின்றபடியே கொஞ்ச தூரம் போய், அப்புறம் சாய்ந்தது. அங்கே ஒருவரும் இல்லை. மேட்டில் மீன் அள்ளியவர்கள் புடவையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

கரை உடைந்த செய்தி பஸ் ஏறவில்லை. கட்லா ஏறியது. யாரோ குழந்தையைத் தூக்குவது போல ஒரு மீனைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டையில் இறங்கியதை சுப்புராஜ் பார்த்துவிட்டார். எங்கே பிடித்தது என்று விசாரித்தார். சாயங்காலத்துக்குள் அம்புரோசுக்குத் தெரிந்துவிட்டது.

மழை விட்ட முதல் ஞாயிறு அம்புரோஸ் வந்தார். கையில் தூண்டில் இல்லை.

“இத்தினி வருசமா நீ சொன்னா சரின்னு இருந்தேன். யாருக்காவ எடுத்து வெச்ச? சொல்லு. உன் மச்சானுக்கா?”

கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள். பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பொய்தான் சொன்னேன்” என்றார்.

“இன்னாத்துக்கு?”

“வா.”

பாய்லரை மூடிவிட்டு முன்னால் நடந்தார். அம்புரோஸ் திட்டிக்கொண்டே பின்னால் போனார். நானும் போனேன். பாதை திடீரென்று முடிந்தது. கீழே கால்வாய்த் தண்ணீர் இன்னும் சிவப்பாகச் சுழித்துக்கொண்டிருந்தது. உடைப்பை அடைக்கும் மணல் மூட்டைகள் அந்தப் பக்கம்வரைதான் வந்திருந்தன.

அம்புரோஸ் திட்டுவதை விட்டுவிட்டுக் கண்ணால் தேடினார்.

“கல்லு எங்க?”

“பூட்ச்சி.”

“மரம்?”

“அதுவுந்தான்.”

அவர் சுழிக்கிற தண்ணீரைப் பார்த்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், தோற்றுப் போகிற பழக்கம் இல்லாதவர் ஆகையால், மறுபடி ஆரம்பித்தார்.

“இத்த போன்ல சொல்றதுக்கு இன்னா? கரை போவுது, வராதேன்னு சொல்லக்கூடாதா?”

“போன வருசம் சொன்னேன். குடையோட வந்த.”

அம்புரோஸ் குடைப் பேச்சை அங்கேயே விட்டார். மீனுக்குப் போனார்.

“கட்லா எம்மாம் பெர்சு?”

பாய் யோசித்தார். “உன் கை நீளம். ஒண்ணு ரெண்டு அதுக்கும் மேல.”

“அடப்பாவி!” என்றார் அம்புரோஸ். அந்த வேதனையில் இன்னும் ஓர் அடி முன்னால் போய், தம் கல் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே பாயையும் ஏரியையும் டேமையும் சேர்த்துத் திட்டினார். பாய் அவருக்குப் பின்னால் போய் நின்றார். ஏரியின் அக்கரையைப் பார்த்தபடி, அம்புரோசின் சட்டையை முதுகுப்புறம் கொத்தாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.