கவுன்ட்டர் வெயிட்டுக்கு வந்த பளபளப்பு

ஹனூர்க்காரி ஜோதிமணி, டிப்ளமா முடித்து மைசூருக்கு வந்து, ஹெப்பாளில் வால்வு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலையில் சேர்ந்தவள். கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து அளவு குறித்து முடித்ததும் மற்றவர்கள் டீக்கு எழுந்துவிடுவார்கள். ஜோதிமணிக்கு அப்போதுதான் வேலையில் ருசி தட்டும். எந்தப் பரப்பு எவ்வளவு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ஃபினிஷ் சிம்பலை ஒவ்வொன்றாக வைப்பாள். பார்வைக்கு அது வாத்தியார் போடும் டிக் மாதிரிதான்; கூடவே ஓர் எண் இருக்கும். எண் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு வழுவழுப்பாக வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு மூடிக்குச் சிம்பல் வைக்க மறந்துபோனாள். கீழே மெஷின் ஷாப்பில் அதைச் சொரசொரப்பாகவே விட்டுவிட, வாங்கியவர்கள் இடத்தில் எண்ணெய் ஒழுகியது. அன்று கேட்ட வசவுக்குப் பிறகு, சிம்பல் இல்லாத பரப்பைக் கண்டாலே அவளுக்குக் கை பரபரக்கும். யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்துக்கும் ஒன்று வைத்தால்தான் மனசு ஆறும்.

மெஷின் ஷாப் ஃபோர்மன் நஞ்சுண்டசாமி, கொள்ளேகாலத்துக்காரர், ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: “மேடம், உங்க டிராயிங்கு பரீட்சை பேப்பராட்டம் இருக்குதுங்க. அத்தனைக்கும் டிக்கு. நாங்க பாஸுங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரந்தான் கவுன்ட்டர் வெயிட் ஆர்டர் வந்தது. மெஷினின் ஒரு பக்கம் தூக்காமலிருக்க, மூடிய பெட்டிக்குள் கிடக்கும் இரும்புக் கட்டி. கனமாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அவசரத்தில் ஜோதிமணி பழைய வால்வு பிளேட் டிராயிங்கைத் திறந்து, உருவத்தை மாற்றி, வேறு பெயரில் சேமித்து அனுப்பினாள். வால்வு பிளேட்டுக்குரிய மிகச் சின்ன எண் எல்லாப் பக்கங்களிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

நஞ்சுண்டசாமி பிரிண்ட்டோடு மாடியேறி வந்தார். “ஏனுங் மேடம், இது சும்னே, சும்மா கனத்துக்குப் போடற வெயிட்டுங்களே. இதுக்கு எதுக்குங்க இத்தன நைஸு?”

மறுபடி கிண்டலென்று நினைத்த ஜோதிமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “டிராயிங் போடறது நானுங்களா, நீங்களா? அதுல இருக்கறதச் செய்யுங்கண்ணா.”

“ஆய்துங்க, அப்படியே செஞ்சுடறனுங்க” என்று இறங்கிப் போனார்.

சொன்னபடியே செய்தார். இரும்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் கிரைண்டிங் மெஷின் நாள்கணக்கில் வேறு எதையும் தொடவில்லை. வால்வு பிளேட்டெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தன. ஏன் தாமதம் என்று சண்டை பிடிக்கத்தான் ஜோதிமணி கீழே போனாள். சுவரோரம் கவுன்ட்டர் வெயிட்டுகள் ஜொலித்துக்கொண்டிருந்தன. குனிந்தவளுக்கு, வாய் பிளந்து நிற்கும் தன் முகமே அதில் தெரிந்தது. பொட்டு கோணியிருந்ததும் தெரிந்தது.

“அண்ணா… பழைய டிராயிங்கு நம்பரு அப்படியே நின்னுடுச்சுங்க.”

“தெரியுங் மேடம்.”

“தெரிஞ்சுதா? அப்ப ஏனுங்க சொல்லல?”

“மாடியேறி வந்து சொன்னனுங்களே!”

அவளே போய் முதலாளி ரத்தினசாமியிடம் சொன்னாள். சொல்லும்போதே துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் இறங்கி வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கட்டியைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார்.

“ஏம்மா ஜோதி, இத பொட்டிக்குள்ள வெச்சு மூடப்போறாங்க. தெரியுமில்ல?”

“தெரியுங்க சார்.”

“சரி, அழுவாத. நைஸா இருந்தா யாரும் திருப்பி அனுப்பமாட்டாங்க. பெயிண்ட்ட அடிச்சு அனுப்பிடலாம்.”

சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தார்கள். காய்ந்ததும் அது வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அத்தனை வழுவழுப்பில் பெயிண்டுக்குப் பிடிமானம் எங்கே கிடைக்கும்? ரத்தினசாமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு ஆளுக்கொரு உப்புத்தாள் கொடுத்தார். அக்கவுண்ட்ஸ் தீபா முதல் வாட்ச்மேன் வரை உட்கார்ந்தார்கள். ஜோதிமணி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தாள். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியதை, தேய்த்துத் தேய்த்துக் கெடுத்தார்கள். பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த நஞ்சுண்டசாமி மெல்லக் கேட்டார்:

“மேடம், இப்ப நாம பண்றோமே, இதுக்கு என்ன சிம்பலுங்க?”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஒரு புகாரும் வரவில்லை. அதே வெயிட் இன்னொரு தடவை வேண்டுமென்று ஆர்டர்தான் வந்தது. இந்த முறை ஜோதிமணி, வார்ப்பில் வந்தபடியே விடு, கை வைக்காதே என்று பொருள்படும் வட்டம் போட்ட டிக்கை வைத்து, டிராயிங்கை அனுப்புமுன் பிரிண்ட்டோடு கீழே இறங்கினாள்.

நஞ்சுண்டசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்பாடி! இந்த வட்டத்த உங்க கம்ப்யூட்டரு மறந்தே போச்சுன்னு நெனச்சனுங்க.”

அன்றிலிருந்து எந்த டிராயிங்கானாலும் இருவரும் பென்சிலும் கையுமாக ஒவ்வொரு பரப்புக்கும் சண்டை போட்டுத் தீர்த்த பிறகே அது வெளியே போகிறது. சத்தம் தாங்காமல் ரத்தினசாமி அவர்களுக்கென்று ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார், நாள் முழுக்க இரையும் கம்ப்ரஸருக்கு அந்தப் பக்கம்.